குண்டூசி குத்திய கடைசிப் பக்கம்

என் குண்டூசிக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு என் படிப்பும் முடிந்தது, அதனால் எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். உன்னை நலமா என்று கேட்க வழியில்லை. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதனால் என் நலத்தைச் சொல்கிறேன். சர்க்கரை அளவோடு இருக்கிறது. வலது முட்டி மட்டும் அளவில்லாமல் படுத்துகிறது. எழும்போது ஒரு சத்தம், உட்காரும்போது இன்னொரு சத்தம். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் மிஷினுக்கு எண்ணெய் போடச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நான்கு பேன்ட் உயரம் குறைக்க வேண்டும், ஒரு கோட்டுக்கு இடுப்புப் பிடிக்க வேண்டும். எல்லாம் நாற்காலி மேல் கிடக்கிறது, கிடக்கட்டும். உன் கதை ஒரு போட்டிக்குப் போய் வந்தது. நான்தான் அனுப்பினேன், உன்னைக் கேட்காமல். நீயும் எத்தனையோ என்னைக் கேட்காமல் செய்தாய், நான் இப்போது ஏதாவது சொன்னேனா?

நான்கு மாதம் முன்பு உன் டிரைவிங் டீச்சர் வந்தாள். உன்னோடு ஒரே வீட்டில் ஐந்து வருடம் குடியிருந்தவளை இன்னும் டீச்சர் என்கிறேனே என்று சிரிக்காதே, நீ வைத்த பெயர்தான். கையில் ஒரு கட்டுத் தாள். "ஆன்ட்டி, ஒண்ணு காட்டணும். நீங்க மொதல்ல உக்காருங்க" என்றாள். "உக்காந்துதாம்மா இருக்கேன், எழுந்திருக்கத்தான் பாடு" என்றேன். உன் கம்ப்யூட்டரில் நீ எழுதி முடித்து அனுப்பாமல் விட்ட கதையாம். போன வருடப் போட்டிக்கு எழுதினாய், அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இந்த வருடமும் அதே போட்டி வைக்கிறார்களாம்.

என்ன போட்டி என்று கேட்டேன். பெண்ணை விரும்புகிற பெண்கள், ஆணை விரும்புகிற ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இவர்களைப் பற்றிய சிறுகதைகளுக்கு மட்டும் என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதுக்கெல்லாமா போட்டி வெக்கிறாங்க?" என்றேன். "ஏன், வெக்கக் கூடாதா?" என்றாள். "தாராளமா வெக்கட்டும். இதுல எம் பொண்ணு எதுக்கு எழுதினா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசியைப் பார்த்தேன். அன்று ஊசியில் நூல் கோர்க்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும் என்று சொன்னாலும் பொய்தான். உங்கள் வீட்டில் ஒரே கட்டில் இருந்ததைப் பார்த்து, பிள்ளைகள் இடம் பற்றாமல் கஷ்டப்படுகிறார்கள் என்று மடக்குக் கட்டில் ஒன்று வாங்கி மூன்று மாடி தூக்கி வந்து வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரும் அதன் மேல் துணி காயப் போட்டீர்கள். நல்ல கட்டில் வீணாகிறதே என்று நான் புலம்பினேன். நீ சமையலறைக்குள் போய்ச் சிரித்தாய், வெளியே கேட்டது. இருமுகிறாயோ என்று தண்ணீர் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று அவளை நிறுத்தி வைத்தபோது, "இவளும் எம் பொண்ணுதான்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கை செய்ததை மண்டை ஒப்புக்கொள்ளச் சில மாதம் பிடித்தது.

கதையைப் படித்து முடிக்க எனக்கு நான்கு நாள். விரலை வைத்து வைத்துப் படித்தேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாள், மூன்றாவது கியரில் காதல் வருகிறது. மூன்றாவது கியர் போட உனக்கு அவ்வளவு நாள் ஏன் ஆனது என்று இப்போதுதான் விளங்கியது. கதையில் வருகிற அம்மா பள்ளிக்கூட டீச்சர். மகளே, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என்னை டீச்சர் ஆக்கிவிட்டாய், ரொம்ப நன்றி. ஆனால் அந்த டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே முட்டியைத் தேய்க்கிறாள். குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிறாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் குண்டூசியைக் கடிக்கிறாள்? மறைக்கிறவள் ஒழுங்காக மறைக்க வேண்டாமா?

சிக்கல் நீளத்தில் வந்தது. போட்டிக்கு இரண்டாயிரம் வார்த்தைதான், உன் கதை இரண்டாயிரத்து நானூறு. உன் டீச்சரைக் குறைக்கச் சொன்னேன். ஒரு கமாவைக்கூடத் தொட மாட்டேன் என்று அழுதாள். முக்கியமாக அவளுடைய காதையும், கியரைப் பிடிக்கிற இடது கையையும் பற்றி நீ எழுதியிருக்கிற பத்தி. "அது அவ என்னைப் பத்தி எழுதினது ஆன்ட்டி. அதுல கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். சரி, இது அழுகிறவர்கள் செய்யும் வேலை இல்லை என்று தாளை வாங்கி மிஷின் மேல் விரித்தேன். முப்பது வருடமாக அடுத்தவர் துணியை வெட்டிக் குறைக்கிறவள் நான், எனக்கா தெரியாது?

முதலில் மழையை எடுத்தேன். கதையில் ஐந்து இடத்தில் மழை பெய்கிறது. ஒரு கதைக்கு ஒரு மழை போதும். நூறு வார்த்தை குறைந்தது. மிச்சம் முந்நூறு. உயரம் குறைக்க வேண்டும் என்றால் எந்தத் தையல்காரியும் கீழேதான் கை வைப்பாள். கடைசிப் பக்கம் சரியாக முந்நூறு வார்த்தை இருந்தது. கத்தரியால் ஒரே வெட்டு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காதுக்கும் கைக்கும் அவ்வளவு சண்டை போட்டவள், கடைசிப் பக்கத்துக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது, ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் டைப் அடிக்கக் கொடுத்தேன். அவர் எதைக் கொடுத்தாலும் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்கிறவர் என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது கியர் வந்ததும் எழுந்து ஃபேனைப் போட்டார். சாயங்காலம் தாளை நீட்டி, "அக்கா, கதை அருமை. ஆனா உங்க பொண்ணு கவனக்குறைவா பல எடத்துல ரெண்டு பேரையும் பொண்ணாவே எழுதிட்டா. பதினாலு எடத்துல நானே திருத்திட்டேன்" என்றார். உன் டீச்சருக்கு அவர் மீசை வைத்து விட்டிருந்தார். "ஏன்யா, உங்கிட்ட பாவாடை தைக்கக் குடுத்தா பேன்ட் தைச்சுக் குடுப்பியா? பிரிச்சுத் திரும்பத் தை" என்றேன். அவருக்குக் கொஞ்ச நேரம் முகம் எங்கெங்கோ போனது. அப்புறம், "ரெண்டு பேரும் பொண்ணா? அப்போ அந்த ஆறாம் பக்கம்..." என்று இழுத்தார். "ஆறாம் பக்கமும்தான்" என்றேன். பதினான்கு இடத்தையும் மாற்றிவிட்டு, மறுநாள் மாடி ஏறி வந்து, அந்தப் பெண்கள் கடைசியில் சேர்ந்தார்களா, கதை பாதியில் நிற்கிறதே என்று கேட்டார். மண்டை காய்கிறதாம்.

விண்ணப்பத்தில் 'இது என் சொந்தப் படைப்பு' என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உன் டீச்சர் தயங்கினாள். எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. உன்னை நான் பெற்றேன், கதையை நீ பெற்றாய், அப்படியானால் அது எனக்குப் பேத்தி. பேத்தியைச் சொந்தம் என்று சொல்ல யார் அனுமதி வேண்டும்? பக்கத்தில் 'எழுதியவளின் தாய்' என்று அடைப்புக் குறி போட்டுக் கையெழுத்திட்டேன்.

அப்புறம்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். தெரிந்து செய்யவில்லை, கை தானாகச் செய்தது. பேன்ட்டில் வெட்டின துண்டை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்காமல் நான் என்றைக்காவது வைத்துக்கொண்டிருக்கிறேனா? நாளைக்கு ஒட்டுப்போடத் தேவைப்படும் என்று சின்னக் கவரில் போட்டு, மேலே 'மீதி' என்று எழுதி, துணியோடு குண்டூசியால் குத்திக் கொடுப்பேன். உன் கடைசிப் பக்கத்தையும் அதே மாதிரி மடித்துக் கவரில் போட்டு, 'மீதி' என்று எழுதி, கதையோடு சேர்த்துக் குத்தி, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. போட்டி நடத்துகிற தம்பி. ரொம்ப மரியாதையான பிள்ளை, ஆனால் மூச்சு விடுவதற்குக்கூட விதி எண் சொல்கிறவர். நான் அவருக்கு 'விதி நாலு' என்று பெயர் வைத்துவிட்டேன். "அம்மா, உங்க கதையோட ஒரு கவர் குத்தியிருக்கு, மேல மீதின்னு எழுதியிருக்கு. நடுவர் ஒருத்தருக்குக் கையில குத்தி ரத்தமே வந்துடுச்சு" என்றார். "எதோட மீதி?" என்று கேட்டார். "கதையோட மீதிதான். வெட்டினதை வீட்டுல அமுக்கி வெச்சுக்குறவ நான் இல்ல தம்பி" என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "விதி நாலின்படி இரண்டாயிரம் வார்த்தைக்கு மேல இருந்தா கதையை ஏத்துக்க முடியாது. இந்தப் பக்கம் கதையில சேர்த்தியா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சேர்த்தின்னா கதையைத் திருப்பிடுவோம். சேர்த்தி இல்லன்னா இதைக் கிழிச்சுப் போட்டுட்டு மத்த நடுவர்களுக்கும் அனுப்பிடுவேன்."

கிழிக்காதீங்க என்று கத்திவிட்டேன். மிஷினில் இருந்த கோட்டுக்குத் தப்புத் தையல் விழுந்தது. "அப்போ சேர்த்தியா?" என்றார். என்ன சொல்ல? இல்லை என்று சொன்னால் உன் கதை போட்டியில் இருக்கும். ஆனால் நீ எழுதின முடிவு குப்பைக்குப் போகும். ஆமாம் என்றால் முடிவு பிழைக்கும், கதை போய்விடும். கடைசி நாள் எப்போது என்று கேட்டேன். நாளை மாலை ஐந்து மணி என்றார். "அதுக்குள்ள சரியா தைச்சுக் கொண்டாரேன்" என்று போனை வைத்தேன்.

குண்டூசி, உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உயரம் குறைக்கிறவள் கீழேதான் வெட்டுவாள் என்று மேலே எழுதினேனே, அது உன் டீச்சரிடம் சொன்ன சமாதானம். இடுப்பில் பிடிக்கலாம், கையில் பிடிக்கலாம், எத்தனையோ இடம் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை வெட்டியது என்னால் அதைத் தாங்க முடியவில்லை என்பதால்தான். அந்தப் பெண் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வருகிறாள். மணி அடிக்கிறாள். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. இருபது வரை எண்ணுகிறாள். கதவு திறக்கவில்லை. இறங்கிப் போய், கீழே காரில் காத்திருக்கிறவளிடம், "அம்மா வீட்டில் இல்லை" என்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மணி அடித்தது. மிஷினை நிறுத்தி, முட்டியைப் பிடித்து எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. மூன்றாம் மாடிப் பிள்ளைகளின் சேட்டை என்று மேலே பார்த்து அரை மணி நேரம் திட்டினேன். அவர்கள் அப்பா இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். உன் கதையைப் படித்த மறுநாள் மூன்றாம் மாடிக்கு ஏறினேன், இரண்டு வருடம் கழித்து என் மன்னிப்பைக் கேட்க. பெரியவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. யோசித்துப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு நாங்க அடிக்கல ஆன்ட்டி. மத்த நாளெல்லாம் நாங்கதான்" என்றான்.

போனை வைத்ததும் உன் டீச்சரை வரச் சொல்லி இதை எல்லாம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "கீழ கார்ல இருந்தது நான்தானே. அம்மா வீட்ல இல்லன்னு எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னா. நீங்க உள்ளதான் இருந்தீங்கன்னு இந்தப் பக்கத்தைப் படிச்சப்பதான் எனக்கே தெரியும். அதான் நீங்க வெட்டினப்போ நான் வாயைத் திறக்கல" என்றாள். இரண்டு பேரும் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, மாறி மாறி மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

மறுநாள் காலை தாளை மறுபடி விரித்தோம். கடைசிப் பக்கத்தை ஒட்டியாகிவிட்டது, முந்நூறு வேறெங்காவது பிடிக்க வேண்டும். நான் எதையும் கேட்கவில்லை. அவளே பென்சிலை எடுத்து, அவளுடைய காதையும் இடது கையையும் அடித்தாள். இருநூறு போனது. அடித்த தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மிச்சம் நூறு. கதையில் அம்மாவின் விரலைப் பற்றி நீ ஒரு பத்தி எழுதியிருக்கிறாய் அல்லவா, ஊசி குத்திக் குத்திக் கைரேகையே மாறிப்போன விரல், அந்த விரல் தலையைக் கோதினால் தூக்கம் வரும் என்று? (டீச்சருக்கு ஏன் ஊசி குத்துகிறது என்று நடுவர் எப்படியும் கேட்டிருப்பார்.) அதைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். சரியாக நூறு வார்த்தை. அடித்துவிட்டேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் டைப் அடித்து முடிக்கும்போது மணி மூன்றே முக்கால். கடைசிப் பக்கத்தில் அவருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது, தூசி என்றார். உன் டீச்சரிடம் கார் இருக்கிறது, ஆனால் நாலு மணிக்கு ஒரு மாணவருக்கு வகுப்பு. வேறு வழியில்லாமல் அந்த வகுப்பிலேயே நானும் பின்சீட்டில் ஏறினேன். மாணவர் பேங்கில் ஓய்வு பெற்ற பெரியவர். இரண்டாவது கியருக்கு மேல் ஒழுக்கக் கேடு என்று நினைக்கிறவர். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே நடந்து வந்தாள், குழந்தை எனக்குக் கை காட்டியது. "சார், மூணாவது போடுங்க" என்று உன் டீச்சர் கெஞ்சினாள். "அவசரப்பட்டு என்னம்மா ஆகப்போகுது?" என்றார் அவர்.

திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தது. பெரியவர் பிரேக் என்று நினைத்து வேறெதையோ மிதித்தார். உன் டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி, திரும்பிப் பார்த்து, "அத்தை! அடிபட்டுச்சா?" என்றாள்.

ஐந்து வருடமாக ஆன்ட்டி, ஆன்ட்டி என்று வந்த பிள்ளை. அவள் காது சிவந்தது. நீ இருநூறு வார்த்தை எழுதின காது அது, நன்றாகத்தான் இருக்கிறது. நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "அத்தைன்னு கூப்பிட்டுட்டா இவ்வளவு வேகமா பிரேக் போடக் கூடாதும்மா. மருமகள்னா மரியாதை வேணும்" என்றேன். பெரியவர், "இப்போ வலதா, இடதா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அவரே நேராகப் போனார். அதுதான் சரியான வழியாக இருந்தது.

நாலு ஐம்பத்து ஆறுக்குக் கொடுத்தோம். விதி நாலு வாசலிலேயே நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், வார்த்தைகளை எண்ணினார், ஒவ்வொன்றாக, எங்கள் கண் முன்னாலேயே. இரண்டாயிரம். "எழுதினவர் விழாவுக்கு நேர்ல வரணும் அம்மா, வர முடியலன்னா முன்கூட்டியே தெரிவிக்கணும், விதி ஒன்பது" என்றார். "அவ வர மாட்டா தம்பி. முன்கூட்டியே தெரிவிச்சுட்டேன்" என்றேன். அவர் அப்போதுதான் என் கையெழுத்தையும் பக்கத்தில் போட்ட அடைப்புக் குறியையும் பார்த்தார். பிறகு எந்த விதியும் சொல்லாமல் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

விழா போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நூலகத்து மாடியில் ஐம்பது நாற்காலி, ஒரு மைக், நிறைய பிஸ்கட். எனக்கு முன்வரிசையில் இரண்டு ஆண்கள் ஒரு கைக்குழந்தையோடு உட்கார்ந்து, யார் பாட்டில் கொடுப்பது என்று சண்டை போட்டார்கள். எல்லா வீட்டிலும் நடக்கிற அதே சண்டை. முதல் பரிசு வாங்கினது ஒரு திருநங்கை, நல்ல உயரம், வங்கியில் வேலையாம். மேடை ஏறுகிற நேரம் பார்த்து அவர் உடையின் முதுகு ஜிப் வாய் பிளந்துவிட்டது. "அக்கா, மானம் போகுது" என்று என்னிடம்தான் ஓடி வந்தார், என் கழுத்தில் டேப் தொங்கியதைப் பார்த்துவிட்டு. ஆமாம், அவசரத்தில் டேப்போடேயே போய்விட்டேன். முதுகிலேயே நான்கு தையல் போட்டு விட்டேன். ஆக, முதல் பரிசு என் தையலில்தான் நின்றது.

உனக்கு ஆறுதல் பரிசு. எனக்கு முதலில் சுருக்கென்றது. பதினோரு மாதமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் கொடுக்கிறார்கள், இவர்களுமா என்று. உன் டீச்சர்தான், அது நான்காம் பரிசுக்குப் பெயர், நடுவர்களுக்கு உன் விஷயம் தெரியவே தெரியாது என்று காதில் சொன்னாள். அப்படியானால் சரி, நியாயமாக வாங்கினதுதான்.

நடுவர் ஒருவர் கட்டை விரலில் இன்னும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். நம்முடைய குண்டூசி குத்தின ஆள் அவர்தான் போல, பேச்சிலும் குத்தினார். கதை நன்றாக இருக்கிறது, முடிவு மனதை உலுக்குகிறது, ஆனால் அந்தத் தாய் பாத்திரம் சற்றே செயற்கையாக இருக்கிறது என்றார். எனக்கு வந்த கோபத்தில் முட்டி வலிகூட மறந்துபோய் எழுந்து நின்றேன். "ஐயா, அந்தத் தாய் நான்தான். என்ன செயற்கையைக் கண்டீங்க? டாக்டர் ரெண்டு வருஷமா செயற்கை முட்டி வெக்கச் சொல்லியும் நான் வெச்சுக்கல!" என்றேன். ஒரு வினாடி யாருக்கும் புரியவில்லை. பிறகு அந்தக் கைக்குழந்தை முதற்கொண்டு சிரித்தது. நடுவர் எழுந்து வந்து மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

கொடுத்த பிறகு என்ன செய்வது? கடைசிப் பக்கத்தைப் படித்தேன், விரலை வைத்து வைத்து. மெதுவாகத்தான் படித்தேன். "அம்மா வீட்டில் இல்லை" என்கிற இடம் வந்ததும் தாளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என்னால் நிறுத்த முடியவில்லை. "அம்மா வீட்டில்தான் இருந்தாள்" என்று நானே சொல்லிவிட்டேன்.

விதி நாலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அந்த மூன்று வார்த்தை கணக்கில் வராது என்று அறிவித்தார்.

இங்கே மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. பரிசாகக் கொடுத்த கேடயத்தை உன் டீச்சர் வீட்டில் வைத்திருக்கிறாள், இங்கே வைத்தால் நூல் தூசி படியும். மடக்குக் கட்டிலையும் திரும்பக் கொண்டுவந்து இந்த அறையில் போட்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தங்குவதற்கு. அதில் படுக்க முதல் முறையாக ஒருத்தி கிடைத்தாள், நல்ல கட்டில் என்று இப்போது ஒப்புக்கொள்கிறாள். ஜெராக்ஸ் கடைக்காரர் அடுத்த வருடப் போட்டிக்குத் தானே ஒரு கதை எழுதப் போவதாகச் சொல்கிறார். அதில் இரண்டு பேருக்கும் மீசை உண்டாம், திருத்த யாரையும் விட மாட்டாராம்.

அவள் சாப்பாட்டை நினைத்துக் கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். பேங்க் பெரியவர் மூன்றாவது கியர் போட்டுவிட்டார் என்று நேற்று போன் செய்து அழுதாள், எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, என் கண்ணே. குளிரில் வெறும் காலோடு நிற்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(பள்ளிக்கூட டீச்சர் இல்லை)

இன்னும் கொஞ்சம் தாளில் இடம் இருக்கிறது. போன வாரம் உன் டீச்சரை வெளியே நிறுத்தி மணி அடிக்கச் சொன்னேன். நான் மிஷினில் உட்கார்ந்தபடி எண்ண ஆரம்பித்து, எழுந்து, முட்டியைச் சமாளித்து, நாற்காலியைச் சுற்றிப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். மூன்று தடவை செய்து பார்த்தோம். எவ்வளவு வேகமாக வந்தாலும் எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. நீ இருபதில் நிறுத்திவிட்டாய். வாசலில் இப்போது ஒரு அட்டை தொங்க விட்டிருக்கிறேன்: 'மணி அடித்தவர்கள் தயவுசெய்து நிற்கவும். வந்துகொண்டிருக்கிறேன்.' வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டு ஒழுங்காக நிற்கிறார்கள். ஏன் குண்டூசி, அட்டை இல்லாவிட்டால் என்ன, உன் அம்மா எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும் என்று உனக்குத் தெரியாதா?